யாழ்ப்பாணத்து உலோகப் பூச்சுப் பட்டறைகளில் நச்சுக் காற்றைக் கட்டுப்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

குறோம் தொட்டிக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பத்திலிருந்து இருபது வீதம்தான் பொருளின் மேல் பூச்சாக ஏறுகிறது. மிச்சம் தண்ணீரைப் பிரித்து ஐதரசன், ஒட்சிசன் குமிழிகளாக்குவதில் செலவாகிறது. குமிழி மேலே வந்து உடையும்போது தொட்டித் திரவம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகளாகத் தெறிக்கும். பட்டறைக்காரர் 'குறோம் புகை' என்று சொல்வது உண்மையில் புகையல்ல, இந்தத் துளிகள்தான். இவற்றுள் இருப்பது ஆறு வலுவளவுக் குரோமியம், அதாவது குரோமியத்தின் நச்சு வடிவம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1990 இல் மனிதரில் புற்றுநோயை உண்டாக்குபவற்றின் முதலாம் குழுவில் சேர்த்த பொருள் அது. புற்றுநோய் வர வருடங்கள் எடுக்கலாம். மூக்கின் நடுத்தடுப்பு ஓட்டையாவதும் கையில் ஆறாத வட்டப் புண் வருவதும் அதற்கு வெகு முன்னரே நடந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். அந்தக் கல் வெடிப்பும் பொந்துமாக இருப்பதால், மேலே ஊற்றியது அயல்கிணற்றுக்குப் போக அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2019 இல் தீர்ப்பானதை ஊர் மறந்திருக்காது. வேறு ஊர் வழிகாட்டிகள் பெரும்பாலும் 'புகையைத் தண்ணீரால் கழுவுங்கள்' என்ற இடத்தில் தொடங்கும். இங்கே அப்படித் தொடங்கினால் காற்றில் போக இருந்தது கிணற்றுக்குள் போகும். ஆகவே இங்கு ஒழுங்கு வேறு. முதலில் தெறிப்பதைக் குறைக்க வேண்டும். பிறகு தெறித்ததைப் பிடிக்க வேண்டும். பிடித்ததைத் திரும்பத் தொட்டிக்கே ஊற்ற வேண்டும்.

படி 1: எந்த வேலையில் என்ன வெளியேறுகிறது என்று எழுதுங்கள்

ஒரு கொப்பியில் பட்டறையின் எல்லா வேலைகளையும் நிரைப்படுத்துங்கள். குறோம் தொட்டியில் ஆறு வலுவளவுக் குரோமியம். நிக்கல் தொட்டியில் நிக்கல் உப்புத் துளிகள். இதில் தெறிப்பு குறோமைவிட மிகக் குறைவு, ஆனால் காற்று ஊதிக் கலக்கினால் கூடும். துரு எடுக்கும் தொட்டியில் ஐதரோகுளோரிக் அமில ஆவி. உருக்கிய நாகத்தில் தோய்க்கும் இடத்தில் அமோனியம் குளோரைட்டு வெண்புகை. ஸ்பிறே அடிக்கும் இடத்தில் பெயின்ற் தூசு, தின்னர் ஆவி, இரு கலவைப் பெயின்ற் (அடிக்குமுன் கடினமாக்கி கலப்பது) என்றால் ஐசோசயனேற்று என்ற, ஆஸ்மாவை உண்டாக்கும் பொருள்.

பெயின்ற் ரின்களின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மஞ்சள் நிற சிங்க் குரோமேற் பிறைமர் இருந்தால் அதுவும் ஆறு வலுவளவுக் குரோமியந்தான். தொட்டியே இல்லாத கேற் பட்டறையிலும் அது காற்றில் கலக்கலாம். சிவப்புப் பிறைமரில் இரண்டு வகை உண்டு. 'ரெட் ஒக்சைட்' என்பது இரும்பு ஒட்சைட்டு, பெரிய ஆபத்தில்லை. 'ரெட் லெட்' என்பது ஈயம். நிறம் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் ரின்னின் எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். பழைய கேற்றைச் சுரண்டும்போது எது இருந்தது என்று தெரியாது. உலர்வாகக் கிறைண்டர் பிடிக்காமல் ஈரமாக்கித் தேய்ப்பதே பாதுகாப்பு.

படி 2: சாமான் வாங்குமுன் உரிமம்

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், குறித்துரைக்கப்பட்ட தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். தொழில்கள் அளவையும் ஆபத்தையும் பொறுத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பாரமானவற்றை மத்திய சுற்றாடல் அதிகாரசபை பார்க்கும், இலேசானவற்றை உள்ளூராட்சி மன்றம் பார்க்கும். உங்களுடையது எந்தப் பட்டியல் என்பதைப் பிரதேச செயலகத்துச் சுற்றாடல் உத்தியோகத்தரிடம் முதலில் கேளுங்கள். நிலையான மூலங்களிலிருந்து வெளியேறும் வாயுக்களுக்கான ஒழுங்குவிதிகள் 2019 இல் வர்த்தமானியில் வந்தன. வேலையாட்கள் சுவாசிக்கும் காற்று தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், அதாவது தொழில் திணைக்களத்தின் பக்கம் வரும். சேறு, பழைய வடிகட்டி, தொட்டிக் கழிவு மூன்றும் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு. அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும்.

விண்ணப்பத்தோடு தொட்டிகளின் அளவு, குழாய்ப் பாதை, புகைபோக்கி உயரம், நாலு பக்கத்துக் கிணறுகளின் தூரம் ஆகியவற்றைக் காட்டும் ஒரு வரைபடத்தை வைத்தால் பாதிக் கேள்விகள் அங்கேயே அடங்கும். குடிமனைக்குள் குறோம் தொட்டி வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை போன்ற இடத்தில் இடம் தேடுவது, பிறகு அயலவரின் பெட்டிசத்துக்குப் பதில் எழுதுவதைவிட மலிவு.

படி 3: தொட்டியிலேயே தெறிப்பைக் குறையுங்கள்

முழு வேலையிலும் காசு குறைவாகவும் பலன் கூடுதலாகவும் உள்ள படி இதுதான். பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய் விசிறி வாங்குவார்கள்.

அலங்காரக் குறோம் மட்டுந்தான் அடிக்கிறீர்கள் என்றால் (மோட்டார் சைக்கிள் உதிரிகள், கைப்பிடிகள்) மூன்று வலுவளவுக் குரோமியத் தொட்டிக்கு மாற முடியுமா என்று முதலில் பாருங்கள். நிறம் சற்றுக் கருமையாக வரும். செம்பு, இரும்பு, நாகம் சிறிதளவு கலந்தாலும் தொட்டி கெடும். பழகக் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் இந்த வழிகாட்டியின் கடினமான பாதி உங்களுக்குத் தேவைப்படாமற் போய்விடும். தண்டுகளுக்கும் சிலிண்டர்களுக்கும் தடித்த கடினக் குறோம் ஏற்றுவோருக்கு அந்த மாற்று இன்னும் இலகுவாக இல்லை.

ஆறு வலுவளவுத் தொட்டியில் வழமையான கலவை லீற்றருக்கு 250 கிராம் குறோமிக் அமிலம், 2.5 கிராம் சல்பூரிக்கமிலம். இந்த 100:1 விகிதம் குழம்பினால் பூச்சு ஏறாது. ஏறவில்லை என்று மின்னோட்டத்தைக் கூட்டினால் குமிழி மட்டும் கூடும். புகை கூடிவிட்டது என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பல தடவை இருப்பது இந்த விகிதப் பிழைதான். கடினக் குறோமுக்கு 50 முதல் 60 பாகை வெப்பநிலை போதும். திரவ மட்டத்தை விளிம்பிலிருந்து 15 சென்ரிமீற்றராவது கீழே வைத்திருங்கள்.

அடுத்தது மேற்பரப்பு இழுவிசை. இதைக் குறைக்கும் நனைப்பு மருந்தைச் சேர்த்தால் குமிழி சிறிதாகி மெதுவாக உடையும், தெறிப்பு மிகவும் குறையும். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 2012 இல் திருத்திய விதியில், துளி எண்ணும் கருவியால் அளந்தால் சென்ரிமீற்றருக்கு 40 தைனுக்கு மேற்படக் கூடாது. இந்த எண்ணையே இலக்காக வையுங்கள். கருவி இல்லாவிட்டாலும் ஒரு கண்ணாடிப் பிப்பெற்றை வைத்து இப்படி மதிப்பிடலாம்:

முதலில் சுத்தமான வடிநீரைக் குறியீடு வரை எடுத்து, துளித்துளியாக விட்டு எண்ணுங்கள். 20 துளி வந்தது என்று வைப்போம். பிறகு தொட்டித் திரவத்தை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, அதே பிப்பெற்றால் அதே அளவை விட்டு எண்ணுங்கள். நீரின் இழுவிசை 71. அதை நீர்த்துளி எண்ணிக்கையாலும் தொட்டித் திரவத்தின் அடர்த்தியாலும் (மேலே சொன்ன கலவைக்குச் சுமார் 1.18) பெருக்கி, தொட்டித் துளி எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். 38 துளி வந்தால் 44 தைன், மருந்து போதாது. 43 துளி வந்தால் 39 தைன், சரி. வாயால் உறிஞ்சவே வேண்டாம், ரப்பர் பல்ப் பயன்படுத்துங்கள். துளியை மிக மெதுவாக விழ விடுங்கள். அவசரமாக விட்டால் துளி பெருத்து எண்ணிக்கை பிழைக்கும். புதிதாகத் தொடங்கும்போது நாலு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, முதல் 40 மணித்தியாலமும் இலக்குக்குள் நின்றால் பிறகு எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அளக்கலாம். இலக்கைத் தாண்டினால் மீண்டும் நாலு.

மருந்து வாங்கும்போது பீ.எஃப்.ஓ.எஸ். என்ற ஃபுளோரின் இரசாயனம் உள்ளதா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய சரக்குகளின் அடிப்படை அதுதான். நீங்காத நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்ரொக்ஹோம் சமவாயத்தில் 2009 இல் சேர்க்கப்பட்டது. அமெரிக்காவில் குறோம் தொட்டிகளுக்கு 2015 இல் நிறுத்தப்பட்டது. அது நிலத்தடி நீரில் சிதைவதேயில்லை. நுரையாகப் படரும் வகையையும் தவிர்ப்பது நல்லது. நுரைக்குள் ஐதரசன் சிறைப்பட்டிருக்கும். மின்னோட்டம் ஓடும்போதே பொருளைத் தூக்கினால் பொறி பட்டு வெடிக்கும். எந்த வகையானாலும் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகே தூக்க வேண்டும்.

படி 4: விளிம்பில் உறிஞ்சுங்கள்

கூரையில் ஒரு விசிறி பூட்டுவது கட்டுப்பாடு அல்ல. அது துளிகளை வேலையாளின் முகத்தைக் கடந்து மேலே இழுக்கும். உறிஞ்சும் வாய் தொட்டியின் நீள விளிம்பில், திரவத்துக்குச் சமாந்தரமாக ஒரு நீண்ட பிளவாக இருக்க வேண்டும். தொட்டியின் அகலம் அரை மீற்றருக்குக் குறைவென்றால் ஒரு பக்கப் பிளவு போதும். அதற்கு மேல் இரு பக்கமும். 1.2 மீற்றரைத் தாண்டினால் ஒரு பக்கத்திலிருந்து ஊதி மறு பக்கத்தால் இழுக்கும் முறை வேண்டும்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். தொட்டி 1.2 மீற்றர் நீளம், 0.6 மீற்றர் அகலம். பரப்பு 0.72 சதுர மீற்றர். குறோமுக்கு ஒரு சதுர மீற்றருக்குச் செக்கனுக்கு ஒரு கன மீற்றர் காற்றாவது இழுக்க வேண்டும் என்று எடுத்தால் 0.72 கன மீற்றர், அதாவது மணிக்குச் சுமார் 2,600 கன மீற்றர். பிளவில் காற்றின் வேகம் செக்கனுக்கு 10 மீற்றர் இருக்க வேண்டும். அதற்குப் பிளவின் மொத்தப் பரப்பு 0.072 சதுர மீற்றர். இரு பக்கமும் சேர்த்து 2.4 மீற்றர் நீளம் உண்டு, ஆகவே பிளவின் உயரம் 30 மில்லிமீற்றர். குழாய்க்கு 300 மில்லிமீற்றர் விட்டமுள்ள பி.வி.சி. போதும், வேகம் 10 மீற்றருக்குச் சற்று மேல் வரும். நாகத் தகட்டுக் குழாய் வேண்டாம், குறோமிக் அமிலம் அதைத் தின்றுவிடும். குழாயைத் தொட்டிப் பக்கம் சாய்த்துப் பூட்டுங்கள். உள்ளே வடியும் திரவம் தானாகத் திரும்பிவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை வேறொன்று. வெக்கை தாங்காமல் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நிலை விசிறியை வைப்பார்கள். அதன் காற்று பிளவின் இழுப்பை முழுக்கக் கலைத்துவிடும். சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் திறந்த கதவும் அதே வேலையைச் செய்யும். ஊதுபத்தி ஒன்றைக் கொழுத்தித் தொட்டியின் நடுவுக்கு மேல் பிடித்துப் பாருங்கள், வேலை தொடங்கமுன், மின்னோட்டம் இல்லாதபோது மட்டும். புகை நேரே பிளவுக்குள் போகவேண்டும். மேலெழும்பினால் இழுப்பு போதாது.

படி 5: வலையடுக்கில் பிடியுங்கள், பிடித்ததைத் தொட்டிக்கே கொடுங்கள்

நீர்த்தாரைக் கோபுரம் பூட்டினால் ஒவ்வொரு நாளும் மஞ்சள் தண்ணீர் சேரும். அதை விட இடமில்லை. ஆகவே பொலிப்புரொப்பிலீன் இழைகளால் ஆன வலையடுக்கு வடிகட்டியே இந்த மண்ணுக்குப் பொருந்தும். மூன்று அடுக்கு: முதலில் பரும்வலை, அடுத்து நுண்வலை, கடைசியில் தப்பியதைப் பிடிக்க மறுபடி பரும்வலை. மேலே சொன்ன காற்றோட்டத்துக்கு 55 சென்ரிமீற்றர் சதுர வாய் வைத்தால் உள்ளே வேகம் செக்கனுக்கு 2.4 மீற்றர், அது சரியான அளவு. விசிறியை வடிகட்டிக்குப் பிறகு வையுங்கள். குழாயில் எங்காவது வெடிப்பு விழுந்தால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர நச்சு வெளியே வராது.

வடிகட்டியின் முன்னும் பின்னும் துளையிட்டு, நிறநீர் விட்ட ஒரு 'யூ' வடிவ ஒளிபுகு குழாயை மாட்டுங்கள். இந்தச் செலவில்லாத கருவிதான் உங்கள் வைத்தியர். புதிதாகப் பூட்டிய அன்று இரு பக்க நீர்மட்ட வித்தியாசத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். வித்தியாசம் அதைவிட 50 மில்லிமீற்றர் கூடினால் வலை அடைத்துவிட்டது, கழுவ வேண்டும். திடீரெனக் குறைந்தால் இன்னும் மோசம்: வலை கிழிந்திருக்கும், அல்லது சட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையால் காற்று களவாகப் போகிறது.

கழுவும் நீர் கீழே ஒரு வாளிக்குள் வடிந்து தொட்டிக்குத் திரும்ப வேண்டும். 55 பாகையில் தொட்டி நாளும் ஆவியாகிக் குறைவதால் அதற்கு இடம் இருக்கும். ஆனால் கிணற்று நீரால் கழுவக் கூடாது. தொட்டியில் 430 லீற்றர், நாளுக்கு 10 லீற்றர் ஆவியாகிறது, கிணற்று நீரில் லீற்றருக்கு 150 மில்லிகிராம் குளோரைட்டு என்று வைப்போம். தண்ணீர் போகும், உப்பு போகாது. நாளுக்கு 3.5 மில்லிகிராம் வீதம் ஏறி இரண்டு கிழமையில் 50 ஐத் தொடும். அந்த அளவிலேயே பூச்சு கெடத் தொடங்கும், அனோட்டில் (நேர்மின்வாயில்) குளோரின் வாயுவும் கிளம்பும். மாரியில் கூரை நீரைத் தாங்கியில் பிடித்து வையுங்கள். முதல் இரண்டு மழையை விட்டுவிடுங்கள், கடற்கரைப் பக்கக் கூரையில் உப்புப் படிந்திருக்கும்.

நிலத்தில் சிந்தியதைக் கழுவிய நீர் அழுக்கானது, தொட்டிக்கு ஆகாது. அதற்கு ஒரு பிளாஸ்ரிக் பீப்பா. அமிலம் சேர்த்துப் பீஎச் 2.5 அளவுக்கு இறக்கி, சோடியம் மெற்றாபைசல்பைற்றைக் கொஞ்சங் கொஞ்சமாகப் போடுங்கள். ஒரு கிராம் ஆறு வலுவளவுக் குரோமியத்துக்குக் கணக்குப்படி 2.7 கிராம், நடைமுறையில் மூன்றுக்கு மேல் வேண்டும். மஞ்சள் மறைந்து பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு விட்டு 8 முதல் 8.5 வரை ஏற்றினால் குரோமியம் சேறாக அடியில் படியும். சுண்ணாம்பு மிஞ்சினால் படிந்தது மறுபடி கரையும். பீஎச் மிக இறங்கினால் கந்தக ஒட்சைட்டு மூச்சை முட்டும், திறந்த வெளியில் செய்யுங்கள். சேற்றை மூடிய பீப்பாவில், கூரைக்குக் கீழே, சீமெந்து அணை கட்டிய தளத்தில் வையுங்கள். வளவுக்குள் தாட்டால் அது கழிவகற்றல் ஆகாது.

படி 6: புகைபோக்கி

உச்சியில் கூம்புத் தொப்பி வேண்டாம். காற்றை மேலே விடுவதற்குக் கட்டிய குழாய் அதையே கீழே திருப்பிவிடும். மழைக்கு, உச்சியைச் சுற்றிச் சற்றுப் பெரிய வெளிக்குழாய் ஒன்றை இடைவெளி விட்டுப் போட்டால் நீர் ஓரமாக வடியும். கடைசித் துண்டை 250 மில்லிமீற்றராகக் குறுக்குங்கள். வெளியேறும் வேகம் செக்கனுக்கு 14.7 மீற்றராகும், சோளகக் காற்றிலும் நேரே எழும்பும். அருகிலுள்ள மிக உயர்ந்த கூரையைவிட மூன்று மீற்றராவது கூட நிற்கட்டும். இப்போது அயலில் மாடி வீடுகள் எழும்புவதால் இதை வருடாவருடம் பார்க்க வேண்டியிருக்கிறது.

சோளகம் தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கு அடிக்கும், வாடை அதற்கு நேர் எதிர். ஆகவே வளவின் வடகிழக்கிலும் தென்மேற்கிலும் பாடசாலையோ வீடோ கிணறோ இருந்தால் வருடம் முழுக்க யாரோ ஒருவருக்குப் போய்க்கொண்டேயிருக்கும். புகைபோக்கியை அந்த இரு திசைகளிலும் வெளி கிடைக்கும் மூலையில் நிறுத்துங்கள்.

சோதனைக்கான துளையைக் கட்டும்போதே வையுங்கள். வளைவிலிருந்து எட்டு விட்டத் தூரம் தாண்டி (300 மில்லிமீற்றர் குழாயில் 2.4 மீற்றர்), வாய்க்கு இரண்டு விட்டம் முன்னால் (0.6 மீற்றர்). ஆள் நின்று வேலை செய்ய ஒரு தட்டும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க: அமெரிக்க விதியில் வெளியேறும் காற்றில் இருக்கக்கூடிய குரோமியத்தின் எல்லை, பழைய பெரிய கடினக் குறோம் பட்டறைக்குக் கன மீற்றருக்கு 0.011 மில்லிகிராம், சிறியதற்கு 0.015, புதியதற்கு 0.006.

படி 7: அமிலமும் நாகமும்

துரு எடுக்கும் அமிலத்தைப் போத்தலில் வந்தபடியே ஊற்றுவதுதான் ஆவிக்குக் காரணம். சம அளவு நீருடன் கலந்து 16 வீத அளவுக்கு இறக்குங்கள். நீருக்குள் அமிலம், ஒருபோதும் மறுபக்கம் அல்ல. சூடாக்க வேண்டாம், மூடி வையுங்கள். சயனைட்டு நாகத் தொட்டி யாரிடமாவது இன்னும் இருந்தால் அதையும் அமிலத்தையும் ஒரே கூரைக்குள் வைக்கவே கூடாது. இரண்டின் கழுவு நீரும் சந்தித்தால் உயிர் போக்கும் வாயு வரும்.

படி 8: ஸ்பிறே பெயின்ற்

தரப்பாள் கட்டி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு அடிப்பது வழக்கம். சாக்கு தூசைக் கொஞ்சம் பிடிக்கும். தின்னர் ஆவியும் ஐசோசயனேற்றும் அதற்குள்ளால் போய்விடும். முறையான அறைக்கு மூன்று சுவரும் கூரையும், பின்சுவரில் வடிகட்டியும் வேண்டும். திறந்த வாயில் காற்று செக்கனுக்கு 0.5 மீற்றர் வேகத்தில் போக வேண்டும். 3 மீற்றருக்கு 2.5 மீற்றர் வாய் என்றால் மணிக்கு 13,500 கன மீற்றர். வடிகட்டி பெயின்ற் தூசில் 98 வீதம் பிடிக்கும் வகையாக இருக்கட்டும். விசிறியின் மோட்டார் காற்றோட்டத்துக்கு வெளியே, இறக்கை அலுமினியத்தில் இருக்கட்டும்.

துப்பாக்கியை எச்.வி.எல்.பி. (கூடிய காற்று, குறைந்த அமுக்கம்) வகைக்கு மாற்றுங்கள். முனையில் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தலைத் தாண்டாது. பழைய துப்பாக்கியில் பெயின்றின் பாதிக்கு மேல் காற்றில் போகும், இதில் பெரும்பங்கு பொருளில் ஒட்டும். பெயின்றில் மிச்சப்படும் காசு துப்பாக்கியின் விலையைத் திருப்பித் தந்துவிடும். கழுவும்போது தின்னரைக் காற்றில் அடித்துக் கழுவாமல், மூடிய பாத்திரத்துக்குள் ஊற்றிக் கழுவுங்கள்.

இரு கலவைப் பெயின்றுக்குச் சாதாரண கரி முகமூடியை நம்ப வேண்டாம். ஐசோசயனேற்றுக்கு எச்சரிக்கும் மணம் இல்லை, கரி தீர்ந்தது தெரியாது. ஒரு தடவை ஆஸ்மா பிடித்தால் பிறகு துளியளவுக்கும் வரும். வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகமூடிதான் வேண்டும். அந்தக் காற்றை எடுக்கும் வாய் புகைபோக்கிக்கும் ஜெனரேற்றருக்கும் தள்ளி இருக்கட்டும். கேற், கதவு, கட்டில் போன்றவை அடிப்போர் பவுடர் பூச்சுக்கு மாறினால் தின்னர் ஆவியே இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது தூள் வெடிப்பும் 180 முதல் 200 பாகைச் சூளையின் காற்றோட்டமும்.

படி 9: நாட்கொப்பியும் மின்சாரமும்

ஒவ்வொரு நாளும் நாலு எண்கள்: யூ குழாயின் வித்தியாசம், துளி எண்ணிக்கை, தொட்டியின் வெப்பநிலை, ரெக்ரிஃபயர் (தொட்டிக்கு மின்னோட்டம் தரும் கருவி) ஓடிய அம்பியர் மணித்தியாலம். மருந்து சேர்த்தால் அளவும் நேரமும். உத்தியோகத்தர் வரும்போது எழுதிய கொப்பி ஒரே பேனையால் ஒரே நாளில் எழுதியதாக இருந்தால் அவருக்கும் தெரியும்.

மின்சாரம் நின்று ஜெனரேற்றர் தொடங்கும்போது ரெக்ரிஃபயர் மட்டும் எழும்பி விசிறி எழும்பாமல் கிடக்கும் பட்டறைகள் உண்டு. குழாய்க்குள் காற்றோட்டச் சுவிச் ஒன்றைப் பூட்டி, அதன் வழியாகவே ரெக்ரிஃபயரின் கொன்ராக்ரருக்கு (மின்னைத் தொடுத்து நிறுத்தும் சுவிச்சுக்கு) மின் போகும்படி இணையுங்கள். விசிறி ஓடாவிட்டால் தொட்டிக்கு மின்னோட்டம் வராது. மாலையில் ரெக்ரிஃபயரை நிறுத்திய பிறகும் விசிறியைப் பத்து நிமிடம் ஓட விட்டு, பிறகு தொட்டியை மூடுங்கள்.